எந்த மேக் நல்லது என்று கேட்பவர்களுக்கு

தண்ணீரூற்று, முள்ளியவளை, குமுழமுனை, ஒட்டுசுட்டான் பக்கங்களில் அரிசி மில்லும் ஐஸ் ஆலையும் எண்ணெய் ஆலையும் நடத்தும் அண்ணைமார், அக்காமாருக்கும், கூட்டுறவுச் சங்க நிர்வாகத்தினருக்கும்,



அடுத்த போகத்துக்கு முன்னர் மில்லைத் தானியங்கியாக்க வேண்டும் என்று உங்களில் சிலர் யோசிக்கிறீர்கள். சிலர் கொட்டேசனும் எடுத்துவிட்டீர்கள். அதில் ஒரு வரியில் பி.எல்.சி. என்று, மோட்டர்களை ஒழுங்குப்படி ஓடவைத்து நிறுத்தும் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும், பக்கத்தில் ஒரு பெரிய தொகை இருக்கும். அந்தத் தாளை நீட்டி எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "தம்பி, எந்த மேக் நல்லது?" சிமென்ஸா, மிட்சுபிஷியா, டெல்டாவா, அல்லது பெயர் வாயில் நுழையாத சீனச் சாமானா? ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட எல்லோருக்கும் பொதுவாக எழுதிவிடுகிறேன்.

சந்தையில் பெயரெடுத்த எந்த மேக்கும் உங்கள் மில்லின் வேலையைச் செய்யும். மேக்கின் தரத்தால் மில் நின்றதை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். நின்ற மில்லை ஓடவைக்க ஆளில்லாமல் நெல் மூட்டைகள் முற்றத்தில் கிடந்ததைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: இது நின்றால் ஆர் வந்து திறப்பான், எத்தனை மணித்தியாலத்தில் வருவான், என்னத்தைக் கொண்டு திறப்பான்?

இதை உங்களுக்கு நான் படிப்பிக்கத் தேவையில்லை. வன்னியில் இவ்வளவு பேர் மெசி பேர்கசன் உழவு இயந்திரம் வைத்திருப்பது, உலகத்தில் அதைவிட நல்லது இல்லை என்பதால் அல்ல. ஒரு சாமான் உடைந்தால் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அன்றைக்கே எடுக்கலாம்; கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கிறார்கள். பி.எல்.சி.யையும் அதே கண்ணால் பாருங்கள்.

அந்தப் பெட்டி எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் நான் சொல்வது இன்னும் விளங்கும். 1968இல் அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் கொம்பனியின் ஹைட்ராமாட்டிக் பிரிவுக்கு ஒரு தலையிடி இருந்தது. கார் மொடல் மாறும் போதெல்லாம் சுவர் நிறைய இருந்த ரிலேக்களைப் பிய்த்து, வயர்களை மாற்றிப் பூட்ட வேண்டியிருந்தது. வயரைத் தொடாமல் மாற்றக்கூடிய, தொழிற்சாலைச் சூட்டையும் தூசியையும் தாங்கக்கூடிய, அங்கே வேலை செய்யும் இலெக்ரீசியனுக்கு விளங்கக்கூடிய ஒன்று வேண்டும் என்று கேட்டார்கள். டிக் மோர்லியும் பெட்போர்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் அவரோடு இருந்தவர்களும் செய்துகொடுத்ததுதான் மொடிகொன் 084. அது அவர்களுடைய 84ஆவது வேலை, அதனால் அந்த எண். ரிலே வரைபடம் பார்க்கத் தெரிந்தவன் அப்படியே வாசிக்கலாம் என்பதற்காகவே அதற்குள் எழுதும் புரோகிராமை ஏணி வடிவில் வரையும் முறை வைத்தார்கள். அந்த ஏணி வரைபடம் இன்றைக்கும் எல்லா மேக்கிலும் இருக்கிறது. 1993இல் வந்த ஐ.ஈ.சி. 61131-3 சர்வதேச நியமத்திலும் இடம் பிடித்திருக்கிறது. இலெக்ரீசியனுக்கு விளங்க வேண்டும் என்று செய்த பெட்டியைப் பூட்டி, திறப்பைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகும் வழங்குநர், அந்தப் பெட்டி செய்யப்பட்ட நோக்கத்தையே கெடுக்கிறார்.

உங்களுக்கு உண்மையில் பி.எல்.சி. வேண்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். கிணற்று மோட்டர் தாங்கிக்குத் தண்ணீர் ஏற்றி நிற்பதற்கு ஒரு மிதவைச் சுவிச்சும் ஒரு கொன்டாக்டரும் போதும். தேங்காய் எண்ணெய்ச் செக்குக்கு ஓவர்லோட் ரிலேயும் ஒரு ரைமரும் போதும். மூன்று நாலு மோட்டர் ஒன்றன்பின் ஒன்றாக ஓட வேண்டுமென்றால் சிமென்ஸ் லோகோ போன்ற சின்னப் பெட்டி காணும். 8 உள்ளீடு, 4 வெளியீடு, முகப்பிலேயே பட்டன் அமத்தி மாற்றலாம். இதற்குமேல் போனால்தான் பி.எல்.சி. பற்றிக் கதைக்க வேண்டும். சின்ன வேலைக்குப் பெரிய பெட்டி விற்க ஆளிருக்கும். வேண்டாம் என்று சொல்ல நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

முழு மில் என்றால் கதை வேறு. எங்கள் நெல் லொறியில் பொலநறுவைக்குப் போய் அரிசியாகத் திரும்பி வருகிறது என்று எவ்வளவு காலமாகக் குறைப்படுகிறோம்! ஊரிலேயே புழுக்கி, காயவைத்து, குத்தி, தரம் பிரித்து விற்க வேண்டுமென்றால் ஒரே சீராக ஓடும் மில் வேண்டும். புழுங்கல் நெல் அவித்து எடுக்கும்போது ஈரப்பதம் ஏறக்குறைய 35 வீதம் வரை நிற்கும். அதை 14 வீதத்துக்கு இறக்க வேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால் குத்தும்போது அரிசி உடையும். 16 முதல் 18 வீதம் வரை வந்ததும் நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு மிச்சத்தைக் காயவைக்க வேண்டும். இதை இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்க்கும் ஆள் இனிக் கிடைக்கமாட்டார். இங்கே பி.எல்.சி. தன் காசை உழைத்துத் தரும்.

கொட்டேசன் எடுக்க முன்னர் ஒரு கொப்பியும் பேனையும் எடுத்துக்கொண்டு மில்லுக்குள் நடவுங்கள். இதை வழங்குநரிடம் விடாதீர்கள். நடுத்தர மில் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கழிவு நீக்கி, உமி நீக்கி, நெல் பிரிப்பான், பொலிஷர், நாலு எலிவேற்றர், ஆக 8 மோட்டர். ஒவ்வொன்றையும் ஓடவைக்க ஒவ்வொரு கட்டளை: 8 வெளியீடு. சைரன், எச்சரிக்கை விளக்கு, நெல் விழும் கதவு சேர்த்து 11. உள்ளே வரும் செய்திகளை எண்ணுங்கள். ஒவ்வொரு மோட்டரின் ஓவர்லோட் விழுந்ததா என்று 8. எலிவேற்றர்களின் அடிக்கப்பி சுற்றுகிறதா என்று பார்க்க 4 சென்சர். மூன்று தொட்டிகளில் மேல் மட்டம், கீழ் மட்டம் என்று 6. ஸ்டார்ட், ஸ்டொப், தானியங்கி அல்லது கைமுறைச் சுவிச், அவசர நிறுத்தம், மூன்று பேஸும் இருக்கிறதா என்பது என 5. மொத்தம் 23. அதற்குமேல் ஐந்தில் ஒரு பங்கை மிச்சமாக வையுங்கள். இரண்டு வருடத்தில் நிறம் பிரிக்கும் மெசினோ இன்னொரு எலிவேற்றரோ வாங்குவீர்கள். ஆக, ஏறக்குறைய 28 உள்ளே, 14 வெளியே. சிமென்ஸ் எஸ்7-1200 வரிசையில் 1214சி என்ற பெட்டியில் 14 உள்ளீடும் 10 வெளியீடும் இருக்கின்றன. பக்கத்தில் விரிவாக்கத் துண்டு பூட்ட வேண்டும். டெல்டாவின் டி.வி.பி. 14எஸ்எஸ்2 என்றால் 8ம் 6ம்தான். இன்னும் கூடுதலான துண்டுகள் வேண்டும். இரண்டு கொட்டேசன்களை ஒப்பிடும்போது இந்தத் துண்டுகளின் விலையும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகத் தெரிவது பலதரம் இங்கேதான் மலிவு.

வெப்பநிலை, ஈரப்பதம் போன்றவற்றுக்கு வேறு வகை உள்ளீடு தேவை. அதற்கு 4 முதல் 20 மில்லியம்பியர் சைகை தரும் சென்சர்களையே கேளுங்கள். வயர் அறுந்தால் சைகை பூச்சியத்துக்குப் போகும். 4இற்குக் கீழே வந்தாலே ஏதோ அறுந்துவிட்டது என்று பெட்டிக்குத் தெரியும். 0 முதல் 10 வோல்ட் சைகையில் அறுந்த வயரும் குளிர்ந்த நெல்லும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

மில் மோட்டர்களைத் தொடக்கும் ஒழுங்கையும் புரோகிராமில் எழுத முன்னர் நீங்களே வாயால் சொல்லிக்கொடுங்கள். கடைசி மெசின் முதலில் ஓட வேண்டும், முதல் மெசின் கடைசியில். நிறுத்தும்போது அப்படியே மறுபக்கம். நடுவில் ஒன்று நின்றால் அதற்கு முன்னாலுள்ள எல்லாம் உடனே நிற்க வேண்டும், பின்னாலுள்ளவை ஓடி வெறுமையாக வேண்டும். கொழும்பிலிருந்து வரும் பொறியியலாளருக்கு எலிவேற்றர் அடிக்குழியில் நெல் அடைத்தால் அள்ளி எடுக்க எவ்வளவு நேரம் போகும் என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

எங்கள் மின்சாரத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு ஏறப்போய் முழு நாடும் இருண்டது. கரண்ட் போவது பெரிய விஷயமில்லை. வரும்போதுதான் ஆபத்து. மோட்டர்கள் ஓடிக்கொண்டிருந்ததைப் பெட்டி நினைவில் வைக்கும் வகையில் புரோகிராம் எழுதியிருந்தால், கரண்ட் வந்த நொடியில் எல்லா மோட்டரும் ஒன்றாகக் கிளம்பும். தொடங்கும் மோட்டர் ஓட்டத்தில் எடுப்பதைவிட ஆறு ஏழு மடங்கு அம்பியர் இழுக்கும்; எட்டும் சேர்ந்து இழுத்தால் உங்கள் பிரேக்கர் நிற்காது. அதைவிட, அந்த நேரம் யாராவது எலிவேற்றர் குழிக்குள் கையை விட்டிருக்கலாம். ஆகவே கரண்ட் வந்தபின் ஆளொருவர் ஸ்டார்ட் பட்டனை அமத்தாமல் எதுவும் ஓடக்கூடாது என்று எழுத்தில் கேளுங்கள். வேலையைப் பொறுப்பேற்கும் நாளில் நீங்களே மெயின் சுவிச்சை நிறுத்திப் போட்டுச் சோதியுங்கள்.

அவசர நிறுத்தச் சுவிச் பி.எல்.சி.க்குச் செய்தி சொல்லலாம். ஆனால் கொன்டாக்டர்களுக்குப் போகும் கரண்டை அது தானாகவே, நேரடி வயரில் வெட்ட வேண்டும். உமி எரிக்கும் கொதிகலனின் தண்ணீர் மட்டக் காப்பும் அமுக்க வால்வும் அப்படித்தான். ஐஸ் ஆலையில் அமோனியா அமுக்கம் கூடினால் கொம்பிரசரை நிறுத்தும் காப்பும் அப்படித்தான். புரோகிராமை நம்பி இவற்றை விடக்கூடாது. இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

மின்னலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி விழாத கிழமை குறைவு. களஞ்சியத்திலிருந்து மில்லுக்கு இழுத்த நீளமான சென்சர் வயர் வழியாகத்தான் பெரும்பாலும் பெட்டி சாகிறது. மின்னல் காப்புச் சாதனமும் ஒழுங்கான ஏர்த்தும் இல்லாத கொட்டேசனைத் திருப்பிக் கொடுங்கள். பி.எல்.சி.யின் வெளியீட்டில் நேரே பெரிய கொன்டாக்டரைப் பூட்டாமல், நடுவில் செருகிக் கழற்றும் சின்ன ரிலே ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். பெட்டிக்குள் இருக்கும் ரிலே பொதுவாக 2 அம்பியர்தான் தாங்கும். அது எரிந்தால் முழுப் பெட்டியையும் மாற்ற வேண்டும். வெளியே வைத்த ரிலே எரிந்தால் பெடியனே மாற்றிவிடுவான்.

உமித்தூசியும் எறும்பும் பல்லியும் எலியும் கொட்டேசனில் வராத எதிரிகள். கொன்டாக்டர் இடுக்கில் எறும்பு புகுந்து ஒட்டாமல் விட்டதைப் பார்த்த இலெக்ரீசியன்மார் இங்கே நிறையப்பேர். காற்றாடி வைத்த பனல் தூசியையும் சேர்த்து உறிஞ்சும். இறுக்கமாக மூடும் பனல், வடிகட்டியுள்ள காற்றுத்துவாரம், தகரக்கூரைக்கு நேர்கீழே இல்லாத நிழலான இடம், இந்த மூன்றும் மேக்கைவிட முக்கியம். சாதாரணப் பெட்டிகள் பல 55 பாகை செல்சியஸ் வரைதான் தாங்கும் என்று எழுதியிருக்கும். பங்குனி வெயிலில் தகரத்தின் கீழ் மூடிய பனலுக்குள் அது எட்டாத சூடு அல்ல.

இந்தப் பக்கத்தில் ஒரு மில், பெயர் வேண்டாம், அறுவடை நேரத்தில் நின்றது. பனலில் விளக்குகள் எரிந்தன, பி.எல்.சி.யும் உயிரோடு இருந்தது. மோட்டர் ஒன்றும் எடுக்கவில்லை. பூட்டிக்கொடுத்தவர்கள் போனை எடுக்கவில்லை. புரோகிராமுக்குக் கடவுச்சொல். உள்ளீட்டுக் கம்பிகளில் எண் இல்லை. இலெக்ரீசியன்மார் ஒவ்வொரு மோட்டராகக் கழற்றிப் பார்த்தார்கள். கடைசியில் பார்த்தால் எலிவேற்றர் அடிக்கப்பியைப் பார்க்கும் சென்சரில் யாரோ மண்வெட்டியால் இடித்திருந்தார்கள். அது ஒரு விரல் அகலம் விலகியிருந்தது. அந்த வகைச் சென்சருக்கு 5 முதல் 8 மில்லிமீற்றருக்குள் இரும்பு தெரிய வேண்டும். பி.எல்.சி.யின் முகத்தில் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் ஒரு சின்னப் பச்சை விளக்கு இருக்கிறது. எந்த விளக்கு எந்தச் சென்சர் என்று ஒரு தாள் பனல் கதவின் உட்புறத்தில் ஒட்டியிருந்தால், அங்கே வேலை செய்யும் அக்காவே எரியாத விளக்கைக் கண்டு சொல்லியிருப்பார். அந்தத் தாளைத் தமிழில் கேளுங்கள்.

இனி மேக். மறுபடியும் கேட்பீர்கள் என்று தெரியும், ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். சிமென்ஸ் எஸ்7-1200 உறுதியானது, புரோகிராமைப் பற்றறி இல்லாமலே காக்கும். ஆனால் எழுதுவதற்கான ரி.ஐ.ஏ. போர்ட்டல் மென்பொருளுக்குக் காசு கட்ட வேண்டும், அதை ஊரிலுள்ள எல்லா இலெக்ரீசியனும் வைத்திருக்கமாட்டார். தாய்வான் டெல்டாவும் ஷ்னைடரின் மொடிகொன் எம்221ம் இலவச மென்பொருளோடு வருகின்றன; உங்கள் மகள் மடிக்கணினியிலேயே போட்டுப் பார்க்கலாம். நடுத்தர அரிசி மில்லுக்கு இந்த இரண்டில் ஒன்றைத்தான் நான் முதலில் சொல்வேன். மிட்சுபிஷி நல்லது. ஆனால் எப்.எக்ஸ்.3யூ போன்றவற்றின் நகல்கள் சீனாவிலிருந்து ஏராளமாக வருகின்றன, அசலையும் நகலையும் நீங்கள் பிரித்தறியமாட்டீர்கள். அந்த எப்.எக்ஸ்.3யூ புரோகிராமை உள்ளிருக்கும் பற்றறியின் பலத்தில்தான் வைத்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து பாவித்த மெசினோடு வந்த பெட்டியில் பற்றறி இறந்தால் புரோகிராமும் போய்விடும். உற்பத்தி நிறுத்தப்பட்ட பழைய எஸ்7-200 மலிவாகக் கிடைக்கிறதென்று யாராவது சொன்னால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். சீன மேக்குகள் எல்லாம் கூடாது என்று சொல்லமாட்டேன். பொதி கட்டும் சின்ன மெசினுக்குப் போதும். இரவு பகலாக ஓடும் ஐஸ் ஆலைக் கொம்பிரசருக்கு வேண்டாம்.

எந்த மேக்காக இருந்தாலும் அதே மொடலில் இன்னொன்று அலுமாரியில் இருக்க வேண்டும். 2021, 2022இல் உலகமெங்கும் சிப் தட்டுப்பாடு வந்தபோது சில பெட்டிகளுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். அதே நேரம் இங்கே டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியது. முழு மில்லின் செலவோடு பார்த்தால் இரண்டாவது பெட்டி சின்னக் காசு. அக்கம்பக்கத்து நாலு மில்காரர் ஒரே மொடலை வாங்கி, ஒரு உபரிப் பெட்டியைச் சங்கத்தில் பொதுவாக வைத்தால் அதுவும் குறையும். கூட்டுறவுச் சங்கத்தார் இதை யோசிக்க வேண்டும்.

தொலைவிலிருந்தே திருத்தித்தருகிறோம், இன்டர்நெட்டில் இணைத்துவிடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். வசதிதான். ஆனால் 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிகிப்பா என்ற ஊரின் குடிநீர் நிலையத்தில் யுனிட்ரோனிக்ஸ் பெட்டியொன்றை ஊடுருவிகள் கைப்பற்றினார்கள். அந்த வகைப் பெட்டி இன்டர்நெட்டுக்குத் திறந்தும், தொழிற்சாலையில் போட்ட 1111 என்ற கடவுச்சொல்லை மாற்றாமலும் கிடந்ததுதான் வழி. தேவைப்படும்போது மட்டும் கேபிளைச் செருகி, வேலை முடிந்ததும் கழற்றுங்கள்.

ஆள் விஷயத்துக்கு வருகிறேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, இலங்கை - ஜெர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த எங்கள் பிள்ளைகள் வேலை தேடிக் கொழும்புக்கும் கட்டாருக்கும் போகிறார்கள். உங்கள் மில்லில் பி.எல்.சி. பூட்டும் நாட்களில் அப்படியொரு பிள்ளையைச் சம்பளம் கொடுத்து, வரும் பொறியியலாளரோடு கூடவே இருத்துங்கள். வயர் இழுப்பது முதல் புரோகிராம் ஏற்றுவது வரை அந்தப் பிள்ளை பார்க்கட்டும். ஊற்றங்கரைப் பிள்ளையார் கோயிலடியில் நின்று கூப்பிட்டால் வரக்கூடிய தூரத்தில் ஒரு ஆள் இருப்பது, எந்த மேக்கும் தராத உத்தரவாதம்.

ஆகவே முற்பணம் கொடுக்க முன்னர் ஒரு தாளில் இவற்றை எழுதி வழங்குநரிடம் கையெழுத்து வாங்குங்கள். கருத்துக்குறிப்புகளோடு கூடிய புரோகிராமின் மூலப்பிரதி பென்டிரைவில் எங்களுக்கு; கடவுச்சொல் எங்களுக்கு; வயரிங் வரைபடமும் தமிழில் உள்ளீட்டுப் பட்டியலும் எங்களுக்கு. பெட்டிக்குள்ளிருந்து பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பல வகைகளில் அப்படி எடுக்கும்போது கருத்துக்குறிப்புகள் வராது, எந்த எண் எந்த மோட்டர் என்று பிறகு யாருக்கும் விளங்காது. இதற்குக் கையெழுத்துப் போட மறுப்பவரிடம், அவர் எந்த மேக்கை எவ்வளவு மலிவாகத் தந்தாலும், வாங்காதீர்கள்.

அன்புடன்,
தண்ணீரூற்றிலிருந்து
பனல் வேலை செய்யும் உங்கள் ஊரவன்